பந்தலுக்கு விட்ட இடம்

ஜூன் 17, செவ்வாய். காலை 6.10. மூன்றாவது குறுக்குத் தெரு. நிற்கும் கார் 31, மரம் 2. இப்போதே வெக்கை. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்தும் காற்றில் குளிர்ச்சி இல்லை.

தெருவில் பார்க்கிங் குறைத்து மரம் வைக்கும் திட்டம். ஆபீசில் சார் என்னையும் கூட வேலை பார்க்கும் அருளையும் தனித்தனியாக வரையச் சொல்லியிருக்கிறார். தெருக்காரர்கள் எதற்குத் தலையாட்டுகிறார்களோ அது மாநகராட்சிக்கு. என்னுடையதில் மரம் 26, சீரான இடைவெளி. அருளுடையதை எட்டிப் பார்த்தேன். 17தான், கோணல்மாணல். நிம்மதி.

ஜூன் 19, வியாழன். பால் பூத் எதிரில் கூட்டம். முதலில் நான். நிழல், வெப்பம், எல்லாம் சொன்னேன். நான்காம் வீட்டு டீச்சரம்மா:

"எல்லாம் சரி தம்பி. ஒரு நல்லது கெட்டதுன்னா பந்தல் எங்க போடுறது?"

"மண்டபம் பிடிச்சுக்குங்க."

"கெட்டதுக்கு எந்த மண்டபத்துல தம்பி எடம் குடுக்குறாங்க?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "பொணத்த மரத்துல தூளி கட்டிப் படுக்க வெச்சிருவாரு போல."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அருள் எழுந்தான். மரங்கள் கொத்துக் கொத்தாக, நடுநடுவே பந்தல் அகலத்துக்கு இடம். "மத்த நாள்ல அங்க கார் நிறுத்திக்குங்கம்மா." எல்லாத் தலையும் ஆடியது. டீச்சரம்மா வீட்டுக் காபி அவனுக்கு. எனக்கும் வந்தது, அவனுக்கு வந்த பிறகு.

திரும்பும்போது சார்: "பந்தலுக்கு எடம் விட்டான் பாருய்யா. படிச்சா வராது அது."

போன மாதம் அக்கா கல்யாணத்துக்குத் தெருவையே அடைத்துப் பந்தல் போட்டோம். வாழைமரம் கட்டியதே நான். எனக்கு ஏன் தோன்றவில்லை? வயிறு எரிகிறது.

ஜூன் 20, வெள்ளி. பாதாளச் சாக்கடை வரைபடத்தின் மேல் அருளின் தாளை வைத்துப் பார்த்தேன். அவனுடைய மூன்று மரக்குழி நேராகக் குழாய்க்கு மேல். தோண்டினால் தெருவே நாறும். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது டீ, கூட வடை. நல்ல நாள்.

மாலையில் அருள்: "மாப்ள, புங்கையும் மகிழமும் உன் லிஸ்ட்லேர்ந்து எடுத்தேன். உன் பேரையும் தாள்ல போட்டுட்டேன்."

போடாமல் இருந்திருக்கலாம், பாவி.

ஜூன் 22, ஞாயிறு. தாள் நாளை பதினொன்றுக்கு மாநகராட்சிக்குப் போகிறது. பெயரில் அவன் முதலில். அகர வரிசையாம். நான் வினோத்.

நாளை:

1. பத்து மணிக்குள் குழாய் விஷயத்தை அருளிடம் சொல்வது. சார் எதிரில்.
2. இல்லை, தனியாக.
3. மூன்று குழியையும் தள்ளி, நானே வரைந்து எடுத்துப் போவது. பந்தல் இடத்தில் கை வைக்காமல்.
4. அவன் நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் கிளம்பிவிடுவது.