கம்ப்யூட்டரை நம்பி வாங்கின மாலை

செவ்வாய், ராத்திரி. மழை விடலை.

மாலை ஆணியில தொங்குது. அந்த வாசம் தூங்க விடமாட்டேங்குது.

நேத்து சென்னையில செஸ் போட்டி, என் மக ஸ்டெல்லாவுக்குக் கடைசி ஆட்டம். அதை செயிச்சா கிராண்ட்மாஸ்டர் பட்டம். நாகலூர் டீக்கடையில எல்லாரும் என் போன்ல பார்த்துக்கிட்டு இருந்தோம். ஸ்டெல்லா செயிக்கப்போறான்னு, ஆட்டத்தைக் கணக்குப் போடற கம்ப்யூட்டர் காட்டுச்சு. அவளுக்கு வெள்ளைக் காய், ஓரத்துல வெள்ளைக் கோடு மேலே ஏறிக்கிட்டே போச்சு. அப்பப் பார்த்து மழையில டவர் போயிருச்சு.

"அது சொன்னாத் தப்பாதுங்க. அதுவே பெரிய கிராண்ட்மாஸ்டருங்களே," ன்னார் கடைக்கார அந்தோணி. நானும் நம்பிட்டேன். ராத்திரி கூப்பிட்டேன், அவ போனை எடுக்கலை. களைப்புல தூங்கியிருப்பான்னு நெனச்சு, காலையில மேளத்துக்குச் சொல்லிட்டேன்.

சாயங்காலம் ஸ்டெல்லா பஸ்ஸைவிட்டு எறங்கினா. மேளம் அடிச்சாங்க. நான்தான் மாலை போட்டேன். அதைக் கழட்டாமயே, "தோத்துட்டனுங்கப்பா" ன்னா.

அந்தோணி விடலை. "நீ செயிக்கறேன்னு கம்ப்யூட்டர் சொல்லுச்சே கண்ணு?"

"அது ஆடியிருந்தா செயிச்சிருக்குங்க மாமா. ஆனா அதுக்கெல்லாம் பட்டம் தரமாட்டாங்க. மனுசங்க நேர்ல உக்காந்து ஆடோணும். நான்தான் உக்காந்தேன். பயத்துல கை தப்பான காயைத் தொட்டுருச்சு. தொட்டா அதைத்தான் நகர்த்தோணுங்க."

மேளம் தானா நின்னுபோச்சு.

ஊட்டுக்கு நடந்து வரும்போது எம் மூஞ்சியப் பார்க்காமயே சொன்னா. "நான் போனை எடுக்கலைன்னதும் உங்களுக்காவது தெரிஞ்சிருக்கும்னு நெனச்சனுங்கப்பா."