உங்களிடம் கேட்காமல் விட்ட கேள்வி

அக்கா,

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கும்போது ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. நீங்கள் இறந்து இரண்டு வருஷமாகியும் அந்த வாடை வந்தால் என் பக்கத்தில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இப்போது நான் அங்கே போவது வேறு வேலைக்கு. ஆராய்ச்சிகளுக்கு அனுமதி தரும் குழுவில், டாக்டர்களுக்கு நடுவே பொதுஜனம் ஒருத்தி வேண்டுமென்று துணிக்கடைக்காரியான என்னைச் சேர்த்திருக்கிறார்கள். நேற்று வந்த விஷயம் நமக்குத் தெரிந்ததுதான். வலிப்போடு வரும் குழந்தைக்கு, வழக்கத்தில் உள்ள இரண்டு மருந்துகளில் எது சீக்கிரம் வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பெற்றோரிடம் விளக்கிச் சம்மதம் வாங்க நேரமில்லை. மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்பார்களாம்.

அன்றும் அப்படித்தானே. நீங்கள் வடக்கே உங்கள் ஊர் மாயாபந்தரிலிருந்து ஆம்புலன்ஸில் மகனைக் கொண்டுவந்தீர்கள். நான் பக்கத்திலேயே ஷாதிபூரிலிருந்து ஆட்டோவில் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். அடுத்தடுத்த கட்டில். நீங்கள் ஜெபமாலை உருட்ட, நான் துஆ ஓதிக்கொண்டிருந்தேன். என் மகள் கண் விழித்த பிறகு டாக்டர் வந்து, அவளும் இப்படியொரு ஆராய்ச்சியில் இருக்கிறாள், சம்மதமா என்று கேட்டார். பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் உங்கள் மகன் போய்விட்டிருந்தான்.

அதன் பிறகும் நம் பழக்கம் விட்டுப்போகவில்லை. சில மாதம் கழித்து, ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் உங்களை ஊருக்குக் கப்பலேற்ற வந்தபோது பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். உங்கள் முகம் மாறியது.

"ஒங்கிட்ட கேட்டாங்களா? எங்கிட்ட ஏன் கேக்கல?"

பிள்ளையை இழந்தவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று விட்டிருப்பார்கள் என்றேன்.

"புள்ள போயிட்டா நான் அவனுக்கு அம்மா இல்லையா?"

கப்பலை விட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். உங்கள் மகனும் அந்த ஆராய்ச்சியில் இருந்தான் என்று டாக்டர் ஹிந்தியில் பொறுமையாக விளக்கினார். மூளைக்காய்ச்சல்தான் காரணம், மருந்து இல்லை என்றார். நீங்கள் நம்பினீர்கள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, இப்போது கேளுங்கள் என்று "அபி பூச்சோ" என்றீர்கள். அவர் எழுந்து நின்று, உங்கள் மகனின் விவரங்களை ஆராய்ச்சியில் சேர்க்கலாமா என்று கேட்டார். நீங்கள் வேண்டாம் என்றீர்கள்.

வெளியே வந்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. நாலு பிள்ளைகளுக்கு உதவுமே, ஏன் அக்கா என்றேன்.

"கேட்டா வேண்டாம்னும் சொல்லலாம்ல."

அதற்குமேல் நாம் அதைப் பேசவேயில்லை.

நேற்றுக் கூட்டத்தில், இறந்த குழந்தையின் பெற்றோரிடம் கேட்பது புண்ணைக் கிளறுவதாகும் என்றார் ஒருவர். உங்கள் பெயரைச் சொல்லாமல் உங்களைப் பற்றிச் சொன்னேன். கடைசியில், கொஞ்ச நாள் பொறுத்து, சிகிச்சை பார்த்த டாக்டரே வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும், வேண்டாமென்றால் விவரங்களை எடுத்துவிட வேண்டும் என்று நிபந்தனை சேர்த்தார்கள். பிறகுதான் சம்மதம் என்று கை தூக்கினேன்.

வேண்டாமென்று சொன்ன உங்களுக்கு இது பிடித்திருக்குமா? இன்னொரு பிள்ளை வலிப்போடு வந்துகொண்டிருக்கும்போது வேறென்னதான் செய்வது? காலையிலிருந்து கடையில் இரண்டு முறை துணியைத் தப்பாக வெட்டிவிட்டேன். அன்று கண் விழித்தது உங்கள் மகனாக இருந்து, போனது என் மகளாக இருந்து, என்னிடம் வந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? எதிரே மகள் பில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்த்தபடியே யோசிக்கிறேன் அக்கா.