கட்டில் கம்பியில் தட்டிய விரல்

ஜூன் 3

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று போட மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். நான் போனை எடுப்பதில்லை என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் புலம்புகிறாயாம். எடுத்தால் கத்துவேன். அப்பாவின் கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு திரைதான் தொங்குகிறது. பக்கவாதத்தில் பேச்சு போனதே தவிர, காது இன்னும் பாம்புச் செவிதான். அதனால் எழுதுகிறேன்.

நேற்று பிசியோதெரபி செய்ய வரும் பெண் உன் கம்பெனி விளம்பரத்தைப் போனில் காட்டினாள். "உங்க தம்பி பெரிய ஆளுங்க. எங்க ஆஸ்பத்திரியில எல்லாரும் இதத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க" என்றாள். அதில் அப்பா படுத்திருக்கிறார். தலைமாட்டில் நீ விற்கும் பாட்டுப் பெட்டி, அந்த 'நிம்மதிப் பெட்டி', வயலினை இழு இழு என்று இழுக்கிறது. அவர் விரல் கட்டில் கம்பியைத் தட்டுகிறது. கீழே எழுத்து ஓடுகிறது: 'பேச்சை இழந்தவரையும் தாளம் போடவைக்கும் இசை.'

தாளமா அது? பெரிய இசைக்குழுவை நடத்திய மனிதர். ஒத்திகையில் இசைக்குறிப்பு வைக்கும் ஸ்டாண்டை அவர் அப்படித் தட்டினால் என்ன அர்த்தம் என்று அங்கே டீ வாங்கிக் கொடுத்தவருக்குக்கூடத் தெரியும். தப்பு, நிறுத்து. நீ முதல் வரிசையில் வயலினோடு உட்கார்ந்திருந்தவன், உனக்குத் தெரியாதா? பெட்டியோடு நீ வந்த அன்றைக்கு என்னை மருந்துக்கடைக்கு விரட்டியது எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. நிறுத்து நிறுத்து என்று அவர் கெஞ்சியதைப் படம்பிடித்து விற்றிருக்கிறாய்.

படத்தை நீக்கிவிடு. பெட்டியைப் பரணில் போட்டுவிட்டேன்.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

'அன்புள்ள'வை நீ விட்டாலும் நான் விடுவதாக இல்லை.

படத்தை நீக்க முடியாது. அதைப் பார்த்துத்தான் ஒரு புற்றுநோய் மருத்துவமனை வார்டு முழுக்கப் பெட்டி வைக்கச் சம்மதித்திருக்கிறது. அங்கே வலியில் தூக்கமே இல்லாமல் கிடந்த ஓர் அம்மா, பெட்டியைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேடையில் வாங்கிய கைதட்டல் எதிலும் அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை. உனக்கு இதெல்லாம் பித்தலாட்டம். என் கச்சேரிக்கே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தவள்தானே நீ. பெட்டி வைத்த அன்று மாலை அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கியதை நீயேதான் சொன்னாய். இப்போது மறந்துவிட்டது.

விரல் தட்டியதற்கு அர்த்தம் தெரியாதா என்கிறாய். தெரியும். வயலினை வைத்துவிட்டுக் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அவர் என்னிடம் இசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. காய்கறி விலை பேசுவார், மழை பேசுவார். பெட்டிக்குள் இருப்பது என் வாசிப்புதான். அதில் சுருதி விலகும் இடத்தில் சரியாகத் தட்டினார். என்னை இன்னும் வயலின்காரனாக நினைத்துத் திருத்தினார், அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நிமிடத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். உனக்கு அது புரியாது.

சின்னவன்

ஜூன் 16

தம்பிக்கு,

பத்திரமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவன் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கலாமே. உலகத்துக்கே காட்டுவானேன்? காட்டியதுதான் காட்டினாய், 'என் வாசிப்பில் தப்பு கண்டுபிடிக்கிறார்' என்று உண்மையை எழுதியிருக்கலாம். எழுதினால் பெட்டி விற்காது.

ரத்த அழுத்தம் இறங்கியது டாக்டர் மாத்திரையை மாற்றியதால். அந்த அம்மா தூங்கினார் என்றால் நல்லது, அவர் தூங்கட்டும். வேண்டுமானால் அவரிடம் கேட்டு அவர் படத்தைப் போடு. அப்பாவிடம் கேட்டாயா நீ?

நான் கேட்டேன். ஆமாம் என்றால் கண்ணை இறுக்கி மூட வேண்டும், இல்லை என்றால் உற்றுப் பார்க்க வேண்டும் என்று பிசியோதெரபிப் பெண் அவருக்குப் பழக்கியிருக்கிறாள். பெட்டி வேண்டுமா என்றேன். உற்றுப் பார்த்தார். படத்தை நீக்கச் சொல்லட்டுமா என்றேன். மூடினார். அவளும் பக்கத்தில் நின்று பார்த்தாள், நான் ஜோடித்துச் சொல்வதாக நீ கதை கட்ட முடியாது. இந்த வாரம் படம் போகாவிட்டால் அந்த மருத்துவமனைக்கு நானே எழுதுவேன். சும்மா மிரட்டவில்லை.

அக்கா

ஜூன் 24

அக்காவுக்கு,

படத்தை நீக்கிவிட்டேன். மருத்துவமனையில் காரணத்தையும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது உன் வயிறு குளிர்ந்திருக்கும்.

உன்னை எனக்குத் தெரியும். இரண்டு கேள்வியோடு நின்றிருக்க மாட்டாய். சின்னவன் வரட்டுமா என்றும் கேட்டிருப்பாய். அவர் உற்றுப் பார்த்திருப்பார். அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய். அந்த இரக்கம் எனக்குத் தேவையில்லை. எழுதிவிடு, அதோடு நானும் அந்த வீட்டைத் தலைமுழுகிவிடுகிறேன்.

சின்னவன்

ஜூலை 1

தம்பிக்கு,

இரக்கமா? உன் மேலா?

கேட்டேன். கேள்வியை முடிப்பதற்குள் கண்ணை மூடிவிட்டார். தூசி கீசி விழுந்திருக்கும் என்று மறுபடியும் கேட்டேன். மறுபடியும் மூடினார். "சரிப்பா, போதும்ப்பா" என்று சொல்லியும் திறக்கவில்லை. ஓரத்தில் தண்ணீர் வழிந்தது.

வாயைத் துடைப்பதும் புரட்டிப் படுக்கவைப்பதும் மலம் அள்ளுவதும் நான். எனக்காக அவர் ஒரு தடவைகூட அப்படிக் கண்ணை மூடியதில்லை. வயிறு எரிந்தது. அதனால்தான் எழுதவில்லை. இப்போதும் எழுத வேண்டும் என்று ஆசை இல்லை. ஆனால் அவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டினாய் என்றுதானே உன்னோடு இத்தனை சண்டை போட்டேன். அவர் சொன்னதை நான் விழுங்கிவிட்டு எந்த முகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருவது?

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போனபிறகு வா. சாவி மாடிவீட்டில் இருக்கும். சாப்பாட்டைக் குழைத்து மூடி வைத்திருப்பேன். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டு. படுத்தபடி கொடுத்தால் புரையேறிவிடும். முழுங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடு.

நான் திரும்புவதற்குள் கிளம்பிவிடு. உன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் சாவி அங்கேதான் இருக்கும்.

அக்கா