வெயில்மேல் போட்ட பழி

கவுலாக்,
ஜூன் முதல் வாரம்.

அன்பு மகள் யாண்டேவுக்கு உன் அப்பா லாத்தீர் எழுதுவது. உடம்பு சுகமா, உறக்கம் சுகமா, அந்தக் குளிரூரில் உன் கையும் காலும் சுகமா? இங்கே எல்லோரும் சமாதானம். அம்மா சமாதானம், அண்ணனும் அண்ணியும் சமாதானம், வேப்பமரத்தடி ஆடு இரண்டு குட்டி போட்டு மூன்று உயிரும் சமாதானம். சமாதானம் இல்லாதவன் ஒருத்தன்தான், அவன்தான் இந்தக் காகிதத்தின் மேல் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். போனில் சொல்லித் தொலைக்கலாமே என்று நீ கேட்பாய். போன் அம்மா கையில் இருக்கும், அவள் அதைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள், முற்றத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருக்கும். அதோடு வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்குச் சாதகமாக நாலு வார்த்தை சேர்ப்பேன் என்று எனக்கே தெரியும். எழுதும்போது பொய் சொல்ல எனக்குச் சோம்பல், கை வலிக்கிறது.

போன மாதம் அம்மா தொழுகைப் பாயிலேயே சாய்ந்துவிட்டாள், வெயில் மயக்கம், இப்போது சரியாகிவிட்டது என்று அவளே உனக்குச் சொன்னாள் அல்லவா. வெயில் பாவம் மகளே. அம்மா பிறந்ததும் வளர்ந்ததும் இந்த வெயிலில்தான், ஒருநாளும் அது அவளைத் தள்ளிவிட்டதில்லை. தள்ளிவிட்டவன் நான். என் மானத்தைக் காப்பாற்ற அவள் வெயில்மேல் பழி போட்டாள், நானும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் கொடும் வெயில் என்று தலையாட்டினேன்.

நோன்புக்கு முன்னால் ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கே நர்ஸ் பெந்தா, உனக்குத் தெரியும், அவள் குலத்துக்கும் நம் குலத்துக்கும் கேலி முறை, என்ன பேசினாலும் நாம் கோபப்படக் கூடாது. ரத்த அழுத்தம் பார்க்க அவள் முதலில் என் கையில் பட்டையைச் சுற்றினாள். பன்னிரண்டு என்றாள், சில ஊரில் நூற்றிருபது என்பார்களே, அதுதான். நான் மீசையைத் தடவிக்கொண்டு, "உப்பளத்துல முப்பத்தோரு வருஷம் கங்காணியா நின்னவன்மா நான், உப்பு என்கிட்ட வாலாட்டாது" என்றேன். "வாலாட்டாது மாமா, சோறு கண்ட எடத்துல நீங்கதானே வாலாட்டுவீங்க" என்றாள், வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பிறகு அம்மா கையில் சுற்றினாள். பதினெட்டு. மறுபடி சுற்றினாள், மறுபடியும் பதினெட்டு. பெந்தா சிரிப்பை நிறுத்திவிட்டாள். மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைங்க அத்தை, கருவாடு வேண்டாம், அந்தத் தங்கத்தாள் சுற்றின மசாலா கட்டியை வீட்டுக்குள்ளேயே விடாதீங்க, அது பூராவும் உப்புதான் என்றாள்.

உன் அம்மாவைத் தெரியுமே, ஒன்றைச் செய்வதென்றால் அன்றைக்கே செய்வாள். வீட்டில் இருந்த கட்டிகளை எல்லாம் வாரிக் கிணற்றடிக் குப்பையில் போட்டாள். அதற்குப் பதிலாக அவளே ஒரு மசாலா இடித்தாள், இதை நீயும் எழுதி வைத்துக்கொள். ஒரு கைப்பிடி பூண்டு, அதில் கால்வாசி மிளகு, வெங்காயத்தாள் இரண்டு கட்டு, பார்ஸ்லிக் கீரை ஒரு கட்டு, ஒரு பச்சைமிளகாய், வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்த நெத்தெத்து ஒரு கரண்டி, நெத்தெத்துக் கொட்டையை உப்புப் போடாமல் புளிக்கவைத்துக் காயவைத்ததாகக் கேட்டு வாங்க வேண்டும், நாறுகிறதே என்று அந்த ஊர்க்காரர்கள் மூக்கைப் பிடித்தால் பிடிக்கட்டும், ருசியே அதில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் உரலில் போட்டு விழுதாக இடித்து எலுமிச்சை பிழிந்து, மேலே எண்ணெய் ஊற்றிக் குப்பியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் நாலைந்து நாளைக்கு வரும். பாதியை மீனைக் கீறி உள்ளே அடை, பாதியை வெங்காயத்தோடு வதக்கு. உப்பு கடைசியில் ஒரு சிட்டிகை. பக்கத்தில் புளிச்சக்கீரையை வேகவைத்து மசித்து வைத்தால் நாக்கு உப்பைத் தேடாது. சர்க்கரை போட்ட குளிர்பானத்துக்குப் பதிலாகப் புளிச்சக்கீரையின் சிவப்புப் பூவை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் புதினா கிள்ளிப் போட்டு அப்படியே குடிக்க ஆரம்பித்தாள். முதல் வாரம் முகம் கோணும், இரண்டாவது வாரம் பழகிவிடும் என்றாள். என் முகம் நாலு வாரம் கோணியது. விடியல் தொழுகைக்குப் பிறகு ஆற்றங்கரை வரைக்கும் நடந்துவிட்டும் வந்தாள். என்னையும் கூப்பிட்டாள், முழங்காலில் வலி என்றேன். வலிக்கிற முழங்காலோடு தினமும் நான் எங்கே நடந்தேன் என்பதுதான் இனி வரப்போகும் கதை.

என் நாக்கு உப்பளத்தில் வளர்ந்த நாக்கு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நாலு பேருக்குச் சொல்லிச் சொல்லியே வயதானவன் நான். முதல் நாள் தாங்கினேன், மூன்றாம் நாள் தாங்கினேன், அதற்குமேல் சோற்றைப் பார்த்தாலே எனக்கு யாரோ செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மூலைக்கடை அல்ஃபாவிடம் போய் இரண்டு கட்டி வாங்கினேன். "வீட்டுக்கா மாமா?" என்றான். பக்கத்து வீட்டுக்கு என்றேன். அம்மா பானையை மூடிவிட்டு மதியத் தொழுகைக்கு உள்ளே போவாள். அந்த நேரம் பார்த்து நான் மூடியைத் திறந்து கட்டியை நொறுக்கிப் போட்டு ஒரு கிண்டு கிண்டுவேன். பிறகுதான் என் தொழுகை, அதுவும் அவசர அவசரமாக, கையில் பூண்டு வாசத்தோடு. நோன்பு நாட்களில் இதே திருட்டு மாலைத் தொழுகை நேரத்துக்கு மாறியது. நாலு பேரும் ஒரே தட்டில்தான் கை வைக்கிறோம் என்பதை என் புத்தி ஒருதரம்கூட யோசிக்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு, எனக்கென்ன என்றே இருந்தேன்.

சோறு மணந்தது. அண்ணி விரலைச் சூப்பினாள். அம்மாவோ, "பாத்தீங்களா, கட்டியே இல்லாம என்ன ருசி! இத்தனை வருஷம் ஏமாந்திருக்கோம்" என்று பூரித்துப்போனாள். ஞாயிறுதோறும் கூடுகிற பெண்கள் சங்கத்தில் போய்ச் செய்முறையைச் சொல்லிக் கொடுத்தாள். நாலைந்து பேர் நம் வீட்டுக்கே வந்து சாப்பிட்டுப் பார்த்து அசந்துபோய், தங்கள் வீட்டில் செய்து பார்த்தார்கள். அவர்களுக்கு அப்படி வரவில்லை. ஏதோ ஒன்றை மறைக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. "சிகா, நீ சொல்லாத ஒரு சாமான் அதுல இருக்கு, எங்ககிட்டச் சொன்னா உன் கை குறைஞ்சா போயிடும்?" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாளாம். அம்மா வீட்டுக்கு வந்து அழாத குறை. நான் பொறாமை பிடித்தவர்கள் என்று ஆறுதல் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

நோன்பு முடிந்து இரண்டாவது தடவை பெந்தாவிடம் போனோம். பத்தொன்பது. பெந்தா பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, "அத்தை, என்கிட்ட மறைக்காதீங்க. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டு, உப்பையும் விட்டிருந்தா இது இறங்கியே ஆகணும்" என்றாள். அம்மா, ஆண்டவன் மேல் ஆணை நான் ஒரு கட்டியையும் தொடவில்லை என்றாள். பெந்தா என்னைப் பார்த்தாள், நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தேன். மகளே, அங்கேயே சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. என் வாயில் எத்தனையோ வார்த்தை வீணாகப் போயிருக்கிறது, அந்த மூன்று மட்டும் வரவில்லை.

வீட்டுக்கு வந்த அம்மா மறுநாள் பெட்டியைத் திறந்து துணிகளைப் பிரித்து வைத்தாள். நீலப் பட்டு யாண்டேவுக்கு, மஞ்சள் மருமகளுக்கு என்றாள். ஏன் இப்போது என்று கேட்டேன். "எங்கம்மாவுக்கும் இதே மாதிரிதான், என்ன செஞ்சும் இறங்கல, ஒருநாள் கை வெளங்காம போச்சு, மறுநாள் போயிட்டா. இது எங்க ரத்தத்துல இருக்கு" என்றாள், ஏதோ சந்தைக்குப் போகிறவள் போல. அன்றைக்கு நான் கட்டி போடவில்லை. அதற்கடுத்த நாளும் போடவில்லை. மூன்றாம் நாள் போட்டேன். ஒரே ஒரு கட்டி, அதுவும் பாதி என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு. உன் அப்பனை இப்படிப்பட்டவன் என்று நீ இதுவரை நினைத்திருக்க மாட்டாய்.

அந்தப் பாதிக் கட்டி பானையில் விழும்போதுதான் உள்ளே சத்தம் கேட்டது. ஓடினேன். நெற்றி பாயில் இருந்தபடியே ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தாள். கூப்பிட்டால் கண் திறக்கிறாள், பேச்சு குழறுகிறது. அண்ணன் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து, நான் பின்னால் பிடித்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனோம். நான் அவள் கையை விடவே இல்லை. பெந்தா ஊசி போட வந்தவள் என் விரலைப் பார்த்தாள், கட்டியின் மஞ்சள் நிறப் பொடி ஒட்டியிருந்தது. குனிந்து மோந்தாள். கேலி முறைக்காரி, அன்றைக்குக் கேலி செய்யவில்லை. "மாமா, இது என்ன?" என்று மட்டும் கேட்டாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். சொன்னேன். அம்மா கண்ணை மூடியிருந்தாள், ஆனால் என் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

பெந்தா எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள், பேச்சு அன்று மாலையே திரும்பிவிட்டது, ஆண்டவனுக்கு நன்றி, பக்கவாதம் வாசல்வரை வந்து போயிருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். ஆனால் என்னோடு அவள் ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் நானே மன்னிப்புக் கேட்டேன், எனக்கு நாக்கு பெரிதாகப் போய்விட்டது சிகா என்றேன். "கட்டி போட்டத நான் மன்னிச்சிட்டேன். ஆம்பளைங்க நாக்கு எனக்குத் தெரியாதா. நான் பொய் சொல்றேன்னு பெந்தா நெனச்சப்ப நீங்க பக்கத்துல உக்காந்து படம் பாத்தீங்களே, அதத்தான் எங்க வைக்கிறதுன்னு தெரியல" என்றாள்.

அடுத்த ஞாயிறு நான் பெண்கள் சங்கத்துக்குப் போனேன், அவளுக்குத் தெரியாமல். முப்பது பெண்கள் நடுவில் ஒரு கிழவன். சிகா எதையும் மறைக்கவில்லை, மறைத்தவன் நான்தான், அவள் சொன்ன செய்முறைதான் சரி, உங்களுக்குக் கிடைத்த ருசிதான் அதன் உண்மையான ருசி என்று சொன்னேன். பிறகு கிழவி ஒருத்தி, "இவர உரல்ல போட்டு இடிச்சா கட்டி கட்டியா வரும்டி" என்றாள், அதற்குப் பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அப்படியே பெந்தாவிடமும் போய், வரிசையில் எல்லோரும் இருக்கும்போது, என் மனைவி ஆணையிட்டது உண்மை என்று சொன்னேன். அண்ணனிடமும் சொன்னேன், அவன் இரண்டு நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. மிச்சம் இருந்தது நீ ஒருத்தி.

இப்போது மசாலா இடிப்பது நான். முழங்கால் வலியும் போய்விட்டது, ஆற்றங்கரை வரை நடக்கிறேன், அம்மா நாலடி முன்னால், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். போன வாரம் அவளுக்குப் பதினான்கு. நாக்கும் பழகிவிட்டது என்று எழுத ஆசை, இன்னும் முழுசாகப் பழகவில்லை.

நீ அங்கே பாக்கெட் நூடுல்ஸில் வருகிற தூளைக் கொட்டித் தின்பது எனக்குத் தெரியும். உன் பாட்டி, உன் அம்மா, அடுத்து நீ. இந்தக் கடிதம் கிடைத்த வாரமே போய்க் கையில் பட்டை சுற்றிப் பார்த்து எண்ணை எனக்கு எழுது, மறக்காதே. வயது முப்பத்தொன்றுதானே என்று சொல்லாதே. உனக்கு நீண்ட ஆயுளும், உண்மை பேசுகிற ஒரு புருஷனும் வாய்க்க வேண்டும் என்று ஆண்டவனைக் கேட்கிறேன்.

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், சோற்றுத் தட்டில் அம்மா மீனைப் பிய்த்து எல்லோர் பக்கமும் தள்ளுவாள், என் பக்கம் மட்டும் தள்ளமாட்டாள், நானே எட்டி எடுத்துக்கொள்வேன். நான் சங்கத்துக்குப் போய்வந்த மறுநாள் மதியம், யாரையும் பார்க்காமல், மீனின் கன்னத்துச் சதையாக ஒரு துண்டைப் பிய்த்து என் பக்கம் வைத்தாள். உப்பே இல்லை யாண்டே. மென்று விழுங்க எனக்கு வெகு நேரம் ஆனது.

உன் அப்பா,
லாத்தீர்