மொராக்கோவுக்கு ஏற்ற மாசம்

துடியலூர்,
மாசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி சபரீஷும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே இங்கிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் ஷ்ரவ்யாவும் சின்னவனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கக் கோனியம்மன் துணையிருக்கட்டும். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே, அதை எழுதத்தான் இந்தக் காகிதத்தையே எடுத்தேன். போனில் பேசினால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிறாய், எனக்கும் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுபோகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுவாய். அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன், பிள்ளைகள் தூங்கின பிறகு உட்கார்ந்து படி.

அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பட்டறையில் நின்று நின்று வந்த வலி. உட்காருங்கள் என்றால் கேட்பதில்லை, மோட்டாருக்கு வைண்டிங் சரியில்லை என்று ஆள்களைத் திட்டிக்கொண்டு நிற்கிறார். அன்னூர்த் தோட்டத்தில் தென்னைக்கு மறுபடியும் வெள்ளை ஈ விழுந்திருக்கிறது, அடிமட்டையெல்லாம் கரி பூசின மாதிரி கறுத்துக் கிடக்கிறது. சபரீஷுக்குக் கல்யாணம் என்பதால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் விட்டிருக்கிறோம். மாடியில் உன் அறைக்கு என்ன கலர் என்று பெயிண்டர் கேட்டார், அப்பாதான் அட்டையைப் பார்த்து ஏதோ ஒன்றைக் காட்டினார். இப்போது அடித்த பிறகு பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தக் கல்யாணத் தேதி எப்படி அமைந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. பல்லடத்துச் சம்பந்தி வீட்டார் தை மாசமே முடித்துவிடலாம் என்றுதான் முதலில் கேட்டார்கள். தறி ஓட்டுகிற வீடு, அவர்களுக்கு அதுதான் தோது. நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் போனில் நீ, ஏப்ரலில் பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு, நாங்கள் இரண்டு பேரும் ஆபீசிலும் லீவு சொல்லியாயிற்று என்று சந்தோஷமாகச் சொல்லியிருந்தாய். ஐந்து வருஷமாக ஊருக்கு வராத பெண் லீவு போட்டால் வேறெங்கே போவாள்? எங்கே போகிறாய் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பெண்ணைக் கடல் தாண்டிக் கொடுத்த எவளுக்கும் தோன்றாது. என் பெண்ணுக்கு ஏப்ரலில்தான் தோதுப்படும் என்று சம்பந்தியம்மாளிடம் சொன்னேன். அந்த அம்மாள் முகம் கோணாமல், "அதுக்கென்னங்க, பொறந்தவ இல்லாம கண்ணாலமுங்களா, உங்க புள்ளைக்குத் தோதாவே வெச்சுக்கலாமுங்க" என்றார். பங்குனி கடைசி முகூர்த்தம், மேட்டுப்பாளையம் ரோட்டு மண்டபம் அந்த ஒரு நாள்தான் காலியாக இருந்தது, கையோடு பேசி முடித்துவிட்டு வெற்றிலை பாக்கு மாற்றின கையோடு உனக்குப் போன் செய்தேன். நீ, அந்த வாரந்தாம்மா நாங்க மொராக்கோ போறோம், டிக்கெட்டெல்லாம் போட்டாச்சே என்றாய். அப்பா உன் பக்கம்தான் பேசினார். "அவ மேல என்ன தப்பு, நாமதான் ஒரு வார்த்தை கேக்காம நாள் வெச்சுப்போட்டோம்" என்றார். நாம் என்று அவர் சொன்னதில் அவர் இல்லை, நான்தான் இருக்கிறேன், அது எனக்குத் தெரியாதா.

மொராக்கோ என்று ஒரு தேசம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலை என்று சபரீஷ் போனில் படம் காட்டினான். சரி, வேறு மாசம் போகக் கூடாதா என்று கேட்டதற்கு நீ எனக்குப் பாடமே நடத்தினாய். மார்ச் ஏப்ரலில்தான் அங்கே வசந்தம், மலை உச்சியில் பனியும் இருக்குமாம், அடிவாரத்தில் பூவும் பூத்திருக்குமாம், பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்க அதுதான் இதமாம். மே மாசம் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க ரோஜா அறுப்பார்களாம், ஆனால் அப்போது ஷ்ரவ்யாவுக்கு ஸ்கூல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உள்நாடு அடுப்பு மாதிரி கொதிக்குமாம், கடலோரத்து ஊர்களில் மட்டும் காற்று வீசுமாம். செப்டம்பர் அக்டோபரில் மறுபடி நன்றாக இருக்குமாம், பேரீச்சம்பழம் இறக்குகிற காலமாம், ஆனால் அக்டோபரில் ஸ்கூல் லீவு ஒரு வாரம்தான், அது போதாதாம். டிசம்பரில் பகலெல்லாம் வெயில் அடித்தாலும் ராத்திரி மணலில் எலும்பைத் துளைக்கிற குளிராம். ரம்ஜான் நோன்பு மாசத்தில் போனால் பகலில் கடைகள் மூடியிருக்குமாம், ஏப்ரலுக்குள் அது முடிந்துவிடுவதும் வசதியாம். இதையெல்லாம் கேட்டுவிட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, என் பெண் எவ்வளவு பொறுமையாக ஒரு ஊரை விசாரித்து வைத்திருக்கிறாள் என்று. போனை வைத்த பிறகுதான் வயிறு எரிந்தது.

ஏன் என்று சொல்லட்டுமா. இந்த ஐந்து வருஷத்தில் நான் உன்னை எத்தனை மாசம் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார். சித்திரையில் வா என்றால் வெயில், சின்னவனுக்கு வேர்க்குரு வரும். ஆடியில் வா என்றால் காற்றும் தூறலும், பிள்ளைகளுக்கு இருமல் வரும். ஐப்பசியில் மழை, கொசு, டெங்கு. மார்கழியில் கிறிஸ்துமஸ் கூட்டம், டிக்கெட் விலை ஆளை முழுங்குகிறது. ஊரே கோயமுத்தூர் சிலுசிலுப்பு என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்து மனை வாங்குகிறது, சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த உனக்கு மட்டும் இந்த ஊர் ஒரு மாசமும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து போகிற வெயில் உனக்கு இதமாக இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு தேசத்துக்கு எந்த மாசம் நல்லது என்று அலசிப் பார்க்கத் தெரிந்தவளுக்கு, பெற்றவர்கள் வீட்டுக்கு எந்த மாசம் நல்லது என்று ஒரு தடவை பார்க்கத் தோன்றவில்லையே கண்ணு. எனக்குக் கோபம் என்று நினைக்காதே. கோபமாக இருந்தால் இரண்டு நாளில் ஆறிவிடும், இது ஆறவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. கல்யாணத்துக்கு நாலு நாள் வந்துவிட்டு இங்கிருந்தே மொராக்கோ போங்கள் என்று வழி சொன்னேன். பிள்ளைகளுக்குத் தூக்கம் கெடும் என்றாய். நீ மட்டும் வா, மாப்பிள்ளை பிள்ளைகளோடு போகட்டும் என்றேன். அவரால் தனியாகச் சமாளிக்க முடியாது என்றாய். அப்படியானால் அந்தக் கடலோரத்து ஊருக்கு ஆகஸ்டில் போகலாமே, காற்று வீசும் என்று நீதானே சொன்னாய் என்றேன். பாலைவனம் பார்க்காமல் மொராக்கோ போய் என்ன புண்ணியம் என்று சிரித்தாய். கடைசியில் மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னாராம், இணைச்சீர் நேரத்தில் சபரீஷ் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு வைத்து அதில் போனை நிறுத்தினால், நீ பாலைவனத்திலிருந்தே வீடியோவில் நிற்கலாம் என்று. சிக்னல் கிடைக்கிற கூடாரமாகப் பார்த்துப் பிடிக்கிறேன் என்றாராம். அவர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அவர்களுக்கு இந்தச் சீர் கிடையாது. அதனால் அவருக்கு நீயே படித்துக் காட்டு. நம் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு இணையாக நிற்கிறவள் அவன் கூடப்பிறந்தவள். கூறைப்புடவையின் ஒரு தலைப்பு அவன் கக்கத்தில் இருக்கும், மறு தலைப்பு அவள் கையில் இருக்கும். அவள் கைபட்ட புடவைதான் மணப்பெண்ணுக்குப் போகும். நாளைக்குப் புதுப்பெண் வந்து வீடு நிறைந்தாலும் பிறந்தவளுக்கு உள்ள உரிமை போகாது என்று ஊர் முன்னால் சொல்கிற சீர் அது. ஸ்டாண்டு எப்படிப் புடவைத் தலைப்பைப் பிடிக்கும்?

சபரீஷிடம் கேட்டேன். அக்கா இல்லை என்றால் அந்தச் சீரே வேண்டாம், நேராக முகூர்த்தத்துக்குப் போய்விடலாம் என்றான். சீர் நடத்தி வைக்கிற அருமைக்காரர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "பொறந்தவ தொடாத சேலைய நான் எடுத்துக் குடுக்க மாட்டனுங்க. கூடப் பொறந்தது வர முடியாட்டி பங்காளி ஊட்டுப் புள்ளைய நிறுத்துங்க" என்றார். அப்படிப் பார்த்தால் உன் பெரியப்பா மகள் பொற்கொடிதான். அன்னூரில் இருக்கிறாள், அப்பாவுக்கு முழங்கால் வீங்கின போது காரை எடுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான், மண்டபத்துக்குச் சமையல்காரரைப் பேசினவளும் அவள்தான். போன வாரம் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கேட்ட உடனே சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், அவள் கண் கலங்கிவிட்டது. "ஏனுங்க சின்னம்மா, அக்கா குத்துக்கல்லாட்ட இருக்கறப்போ அந்த எடத்துல நான் போயி நிக்கறதுங்களா? நாளைக்கு அக்கா மொகத்துல முழிக்க வேண்டாமுங்களா? அக்காவே வாயத் தொறந்து நில்லுடின்னு சொல்லட்டுமுங்க, அப்பறம் நிக்கறனுங்க" என்றாள். நான் உன் சார்பில் சொல்வதாகச் சொன்னேன். அவள் காபியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னதுதான் நியாயம் என்று வரும் வழியெல்லாம் எனக்குத் தோன்றியது. உனக்காக நான் நிறையப் பேசியாயிற்று லோகா. பெண் வருகிறாளா என்று கேட்கிறவர்களிடம் ஆபீசில் பெரிய வேலை என்றேன், விசா சிக்கல் என்றேன், சம்பந்தியம்மாளிடம் பிள்ளைக்குப் பரீட்சை என்றேன், ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன பரீட்சை என்று அந்த அம்மாள் கேட்காமல் விட்டதே பெரிய மனசு. இனிமேல் இந்த ஒரு வார்த்தையை மட்டும் உனக்காக நான் சொல்ல மாட்டேன். ஒன்று, டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்து உன் இடத்தில் நில். முடியாது என்றால் பொற்கொடியை நீயே போனில் கூப்பிட்டு, என் தம்பிக்கு என் இடத்தில் நீ நில் என்று உன் வாயால் சொல். அப்படிச் சொல்லும்போது ஒன்றைத் தெரிந்துகொண்டு சொல், ஒரு தடவை நின்றவள்தான் கடைசி வரைக்கும் இணைச்சீர்க்காரி. நாளைக்கு அவன் பிள்ளைக்குக் காது குத்தினாலும், புது வீடு கட்டினாலும், முதலில் அழைப்பது அவளைத்தான். அடுத்த வருஷம் நீ எந்த மாசம் வந்தாலும் அதை அவளிடமிருந்து நான் திருப்பி வாங்கிக் கொடுக்க முடியாது, வாங்கவும் மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், எங்கே போனாலும் போன மாதிரியே திரும்பி வர வேண்டும். மொராக்கோ போவதானால் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள், ஏப்ரலிலும் மணலில் ராத்திரி குளிரத்தான் செய்யுமாம், நானும் விசாரித்தேன். கண்ட தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதே. பங்குனி பிறந்து முதல் புதன்கிழமை பட்டெடுக்கப் போகிறோம், பொற்கொடியும் வருகிறாள், இணைச்சீரில் நிற்கிறவள் கட்டுகிற புடவையும் அன்றைக்கே எடுக்க வேண்டும், யாருக்கு என்பது அதற்குள் தெரிய வேண்டும். பொற்கொடியிடம் சொல்லிவிட்டால் எனக்குத் தனியாகப் போன் செய்து சொல்ல வேண்டாம், கடையில் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
நாச்சியம்மாள்