ஆட்டோவில் கெமிஸ்ட்ரி

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் தூறல், பிறகு புழுக்கம். கேஸ் நிரப்பியாயிற்று. வைப்பர் ரப்பர் வாங்க மறதி.

வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் என்னோடு ஷேர் ஆட்டோவில். அதனால் மகள் அபி பள்ளி விட்டதும் கேளம்பாக்கம் ஸ்டாண்டுக்கே வந்து, பின் சீட்டில் உட்கார்ந்து நெட்டில் கெமிஸ்ட்ரி டியூஷன் கிளாஸ். பிளஸ் ஒன். மோல் கணக்கு புரியவில்லையாம். இப்படியே போனால் சயின்ஸ் குரூப்பை விட்டுவிடுவாளாம். நான் பத்தாவது. எச்-டூ-ஓ மட்டும் தெரியும், அதுவும் தினம் குடிப்பதால்.

பன் வாங்கப் போனாள். போனில் மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு. ஏதோ பழுது என்று அமுக்கிவிட்டு, வழக்கம்போல் தொண்டையைத் திறந்தேன்: "திருப்போரூர், திருப்போரூர்! ஒராளு ஏறு, வண்டி கெளம்பிடுச்சி!"

மொத்த கிளாஸும் கேட்டிருக்கிறது. போனுக்குள் ஒரே சிரிப்பு. சார்: "யாருங்க அது? மைக்க ஆஃப் பண்ணுங்க."

அபி ஓடி வந்தாள். "இன்னாப்பா பண்ணி வச்சிகீற!" கண் கலங்கிவிட்டது.

14, வியாழன்

கிளாஸ் நாள். அபி ஸ்டாண்டுக்கு வரவில்லை.

இரவுச் சாப்பாட்டில்: "கிளாஸ் குரூப்புல 'டிக்கெட் எவ்ளோ'ன்னு கேக்கறாங்க. நான் காமர்ஸ் மாறிக்கிறேன்."

"சார்கிட்ட நான் பேசட்டுமா?"

"நீ பேசனதே போதும் சாமி."

மனைவி: "கூவாம இருக்க முடியாதா உன்னால?" முடிந்தால் வேறு வேலைக்குப் போயிருக்க மாட்டேனா?

கிளாஸ் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாமே என்றேன். "பத்து தடவ பாத்துட்டேன். பத்து தடவையும் சார் அதையேதான் சொல்றாரு."

"அப்போ கேளேன்."

"ஸ்கூல்ல கேட்டா கிளாஸே திரும்பிப் பாக்கும். நெட்டுல கேட்டா எங்கெங்கேயோ கீறவங்கல்லாம் சிரிப்பாங்க."

"உங்கப்பன் அங்க ஆளே ஏத்திட்டான். அதவிட அசிங்கமா இன்னா கேட்டுடப் போற?" என்றேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

19, செவ்வாய்

வெயில். வைப்பர் ரப்பர் வாங்கியாயிற்று, இனி மழை வராது.

அபி வந்தாள். நான் கூவவில்லை. பக்கத்து ஆட்டோ டில்லி: "இன்னா மச்சான், வாயில பூட்டா?" கையாலேயே ஆள் கூப்பிட்டேன். திருப்போரூர் வண்டி என்று தெரியாமல் கோவளம் போகிறவர் ஏறிவிட்டு, இறங்கும்போது திட்டினார்.

பின் சீட்டில் அபியின் குரல். மைக்கை அவளே திறந்திருக்கிறாள். "சார், ஒரு டவுட்..."

சார் விளக்கினார். போனில் யாரோ சிரித்தார்கள். அபி பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா: "வண்டி எடுப்பியா மாட்டியா அண்ணாத்த?" கையெடுத்துக் கும்பிட்டேன்.

"புரிஞ்சுதாம்மா?" என்றார் சார்.

நான் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை.

"இல்ல சார். வேற மாதிரி சொல்லுங்க."