அனைவருக்கும் சென்ற குறிப்பு

பிப்ரவரி 6

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை; கேட்காமல் எழுதவும் வரவில்லை. மூன்று நாளாக நீங்கள் போனை எடுக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டால், "அவர் வெளியே போயிருக்கார்டா" என்கிறாள். பின்னால் நீங்கள் இருமுவது கேட்கிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் போன்ற லிஃப்ட் மெக்கானிக்குகள் வேலைக்கு ஏறும்முன் தினமும் பார்ப்பதற்காக ஒரு பாதுகாப்பு ஆப் செய்திருக்கிறோம். நம் கம்பெனிக்கு மட்டும் உள்ளது, வெளியே யாருக்கும் கிடைக்காது. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்தபடி நான் அனுப்பினால் கம்பெனி போன்களில் தானாக ஏறிக்கொள்ளும். வைத்திருப்பவர் நினைத்தாலும் நீக்க முடியாது. முதலில் என் மேஜையில் கிடக்கும் ஐந்து சோதனைப் போன்களுக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்போம். திரையில் 'சோதனைக் குழு', 'அனைவரும்' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. முந்தைய நாள் விடுப்பு கேட்பதற்கான ஆப்பை அனைவருக்கும் அனுப்பியிருந்தேன். டிக் அங்கேயே நின்றிருந்தது. நான் பார்க்கவில்லை.

சோதனைக்கு ஒரு பணியாளர் எண் தேவைப்பட்டது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உங்கள் எண் ஒன்றுதான். போட்டதும் உங்கள் பெயரும் படமும் வந்து நின்றன. கீழே 'எச்சரிக்கைக் குறிப்பு' என்று ஒரு பெட்டி காலியாக இருந்தது. வாய்க்கு வந்த நாலு எழுத்தைத் தட்டியிருக்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நான் எழுதியது: 'உயரம் என்றால் இவருக்குக் கை நடுங்கும். மேலே ஏற்ற வேண்டாம்.'

எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது அத்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அது எல்லார் போனுக்கும் போய்விட்டது தெரிந்ததும், ஒரு மணி நேரத்துக்குள் சரி செய்து புதிய பதிப்பை அனுப்பினேன். அதற்குள் உங்கள் ஆட்கள் லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் போய்விட்டார்கள். உள்ளே சிக்னல் கிடையாது. பழைய பதிப்பே சாயங்காலம் வரை அவர்கள் சட்டைப்பையில் இருந்தது. அது சோதனைக்காக நானே புனைந்தது என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பிவிட்டார்.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் மச்சினன்


பிப்ரவரி 11

மச்சினனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கம்பெனி போனை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும்போது எடுப்பேன், வந்ததும் வைத்துவிடுவேன். நீ அதற்குள் எதை ஏற்றுவாய், எதைப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியாது. தாளில் அந்தத் தொல்லை இல்லை.

அன்று ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் வாசலில் நாங்கள் ஆறு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஆறு போனும் ஒரே நேரத்தில் கத்தின. என் ஜோடியாக வேலை பார்க்கும் சோடாபுட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கருகே கொண்டுபோய் உரக்கப் படித்தான். படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது அவனுக்கே உறைத்தது. ஆப் அனுப்புவது நீ என்று அவனுக்குத் தெரியும். "உங்க மச்சான் குசும்பைப் பாருங்கண்ணே" என்று சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். கையில் இருந்தால் ஆடுவது தெரிந்துவிடும்.

போன வருஷம் உன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறி, ஏணியில் பாதியிலேயே நின்றுவிட்டேனே. நீதான் காலைப் பிடித்து இறக்கினாய். கூட வேலை பார்த்தவர் விழுந்ததை நேரில் பார்த்ததிலிருந்து இப்படி ஆகிறது என்று உன்னிடம் சொன்னேன். உன் ஒருவனிடம்தான். உன் அக்காவுக்குத் தெரியாது. இப்போது அவள், "நெஜமாவா?" என்று கேட்கிறாள். "உன் தம்பிக்கு வேற வேலை இல்ல" என்றேன்.

மேலாளரிடம் சொன்னதையே எல்லாருக்கும் சொல். எழுத்தில் சொல். அன்றிலிருந்து நான் ஏணியில் கால் வைத்தால் பிடித்துக்கொள்ள ஆள் ஓடிவருகிறது. இத்தனை வருஷத்தில் எவனும் எனக்கு ஏணி பிடித்ததில்லை. இந்த வேலை போனால் இந்த வயதில் என்னை யார் கூப்பிடுவார்கள்? இதை மட்டும் செய்துவிடு.

அத்தான்


பிப்ரவரி 15

அன்புள்ள அத்தானுக்கு,

அனுப்பிவிட்டேன். 'அனைவரும்' என்ற கட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். 'ஊழியர் ஒருவரைப் பற்றி வந்த குறிப்பு சோதனைக்காகப் புனையப்பட்டது. அதில் உண்மை இல்லை' என்று எழுதி, கீழே 'படித்தேன்' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். அதை அமுக்காமல் ஆப் திறக்காது. மாலைக்குள் எல்லாரும் அமுக்கிவிட்டார்கள்.

அனுப்பும்முன் மேலாளர், "ஒண்ணும் இல்லைல்ல? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்" என்றார். "இல்ல சார், சும்மா எழுதினது" என்றேன். முதலில் உண்மையைச் சொல்லி உங்களைத் தலைகுனிய வைத்தேன். இப்போது பொய்யைச் சொல்லி என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கொஞ்ச நாள் மேலே ஏறாத வேலையாகக் கேட்டு வாங்க முடியாதா? இதைச் சொல்ல எனக்கு வாய் ஏது. இருந்தாலும் சொல்கிறேன்.

உங்கள் மச்சினன்


மார்ச் 3

மச்சினனுக்கு,

யாருக்கும் அடிபடவில்லை. அதை முதலில் தெரிந்துகொண்டு மேலே படி.

உன் நோட்டீஸ் வந்ததும் எல்லாம் பழையபடி ஆனது. ஏணி பிடிக்க யாரும் வரவில்லை. எனக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நேற்று நானும் சோடாபுட்டியும் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்தோம். அங்கே ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்தால் பெட்டி மெதுவாக ஏறும், விட்டால் நிற்கும். பிடித்திருந்தது நான். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் கீழே தரை வரை தெரிந்தது. பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன்.

சோடாபுட்டியின் சட்டைக் கை சுவரில் இருந்த இரும்பில் மாட்டியது. "விடுங்கண்ணே, விடுங்க!" என்று கத்தினான். என் விரல் பிரியவில்லை. பொத்தானைக் கெட்டியாகப் பிடித்தபடியே நின்றேன். அவனே எட்டிச் சிவப்பு ஸ்விட்சை அடித்து நிறுத்தினான். சட்டைக் கை தோள்வரை கிழிந்துவிட்டது. உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தான். "நோட்டீஸ்ல பொய்னு போட்டிருந்துச்சேண்ணே. நான் படிச்சேன்னு அமுக்கினேனே" என்றான்.

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

கீழே இறங்கி நேராகச் சூப்பர்வைசரிடம் போனேன். குறிப்பு உண்மை, நோட்டீஸ்தான் பொய், அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கியது நான் என்று சொல்லிவிட்டேன். உன் பெயரை மறைக்க வழி தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உன் அக்காவிடமும் சொன்னேன். "அவன்கிட்ட சொல்லத் தோணுச்சு, எங்கிட்ட தோணலையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

உன் குறிப்பு வந்த அன்று எல்லார் முன்னாலும் வெட்கப்பட்டேன். நேற்று அந்தக் கிழிந்த சட்டையைப் பார்த்து வெட்கப்பட்டது வேறு. அது உன்னால் வந்ததில்லை.

அத்தான்


மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

இன்னொரு நோட்டீஸ் அனுப்பச் சொன்னார்கள். உங்கள் பெயரையும் உடல்நிலையையும் போட்டு மேலாளரே எழுதிக் கொடுத்தார். பெயர் வேண்டாம் என்றேன். "கூத்தடிச்சது நீ, கண்டிஷனும் நீயே போடறியா?" என்று கத்தினார். வேண்டுமானால் என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுங்கள், அத்தான் பெயர் இனி என் கையால் போகாது என்றேன். கடைசியில் இப்படிப் போனது: 'பிப்ரவரி 15 அன்று நான் அனுப்பிய அறிவிப்பு பொய். பொய் என்று தெரிந்தே அனுப்பினேன்.' கீழே என் பெயர்.

ஆப் அனுப்பும் அனுமதியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது புதுப் போன்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து எண் ஒட்டுகிறேன். நான் சாப்பிட உட்கார்ந்தால் மேஜையில் பேச்சு நின்றுவிடுகிறது.

நேற்று பஸ் பிடித்து வந்து சோடாபுட்டி அண்ணனைப் பார்த்தேன். நான் சொன்னதெல்லாம் கேட்டார். "வந்து சொல்லிட்டீங்கல்ல, சரி" என்றார். உள்ளே கூப்பிடவில்லை. அப்படியே உங்கள் தெருவுக்கும் வந்தேன். ஹாலில் விளக்கு எரிந்தது. மணியை அடிக்கக் கை வரவில்லை, திரும்பிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரலாமா?

உங்கள் மச்சினன்


மார்ச் 14

மச்சினனுக்கு,

நோட்டீஸில் என் பெயர் இல்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

என்னைப் பட்டறைக்கு மாற்றிவிட்டார்கள். லிஃப்ட் கதவு மோட்டார்களைப் பிரித்துச் சரிசெய்கிறேன். கை அங்கே நடுங்குவதில்லை. சோடாபுட்டிக்கு வேறு ஜோடி கொடுத்துவிட்டார்கள். பட்டறைப் பக்கம் வந்தால் தூரத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவான்.

ஞாயிற்றுக்கிழமை வா. தெருவோடு திரும்பிப் போகிற வேலையெல்லாம் வேண்டாம். அக்கா உன்னைத் திட்டக் காத்திருக்கிறாள், திட்டி முடித்ததும் சோறு போடுவாள். பிள்ளைகள் மாமா எப்போ வருவார் என்று கேட்கிறார்கள். எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடு. "எப்படி இருக்கீங்க அத்தான்?" என்று கேள். "நல்லா இருக்கேன்" என்பேன். அதோடு விட்டுவிடு.

அத்தான்